கறவை மாட்டின் குளம்பு நோய்: கிருமியா, தரையா?

கறவை மாடு நொண்டுவதற்குக் காரணம் அதன் காலில் தொற்றிய கிருமியா, அது நிற்கும் தரையா? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டாக விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் மாறியிருக்கின்றன, நொண்டும் மாடுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் 37 பண்ணைகளில் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 20.6 மாடுகள் நொண்டின. 2023இல் தாம்சன், ஷியரர், ஹௌவே ஆகிய மூவர் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது சராசரி நூற்றுக்கு 23ஐ நெருங்கியது. அளந்த முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வந்த மருந்துகளையும் இயந்திரங்களையும் நினைத்தால் இது ஆறுதல் தரும் கணக்கு அல்ல.

கேள்விக்கு என்ன விடை சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பணம் போகும் வழியும் மாறுகிறது. கிருமியே காரணம் என்றால் மருந்தும் கால்குளியல் தொட்டியும் வாங்க வேண்டும். தரையே காரணம் என்றால் கொட்டகையைத் திருத்தியாக வேண்டும். முதலாவது இன்றைக்கே செய்யக்கூடியது, செலவும் சிறிது. இரண்டாவதற்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். பால்பண்ணை உலகம் பெரும்பாலும் முதல் விடையின் பக்கமே சாய்ந்திருப்பதற்கு அறிவியல் காரணங்களோடு இந்தப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்று கருத இடமிருக்கிறது.

எந்த நோயைப் பற்றிய பேச்சு?

குளம்புக் கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். தோலிலும் குளம்பு இடுக்கிலும் வரும் தொற்றுகள் ஒரு வகை. கொம்புப் பொருளில், அதாவது குளம்பின் ஓட்டில், அழுத்தத்தால் வரும் சேதங்கள் மற்றொரு வகை. 1920இல் ருஸ்டர்ஹோல்ஸ் விவரித்த அடிக்குளம்புப் புண், குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக்கோட்டில் விழும் பிளவு ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்குக் கிருமி மூலகாரணம் இல்லை. இந்தப் புண்ணுக்கு ஊசி போட்டால் பாலில் மருந்து கலக்குமே தவிர, நொண்டல் தீராது. அழுத்தத்தை இறக்கும்படி குளம்பைச் சீவ வேண்டும். பக்கத்துக் குளம்பில் கட்டை ஒட்டிப் புண்பட்டதை உயர்த்தி வைக்க வேண்டும்.

தொற்றுகளிலும் எல்லாம் ஒன்றல்ல. குளம்பிடை அழுகல் திடீரென வரும். நேற்றுவரை நன்றாக நடந்த மாடு இன்று காலை ஊன்றாது. குளம்புகளுக்கு மேலே இரு பக்கமும் சமமாக வீங்கும், இடுக்குத் தோல் வெடிக்கும், தனி நாற்றம் அடிக்கும், காய்ச்சல் வரும், பால் விழுந்துவிடும். ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா இதில் முதன்மையானது. அது மாட்டின் குடலிலும் சாணத்திலும் இருப்பது, காற்றில்லாத இடத்தில் வளர்வது. கல்லோ தாள்கட்டையோ குத்திய காயத்தின் வழியாகவும், ஈரத்தில் ஊறி மெலிந்த தோலின் வழியாகவும் உள்ளே போகிறது.

விரல்தோல் அழற்சி வேறு மாதிரி. குதிப்பக்கத்தில், இரு குளம்புகளும் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, சிவந்த வட்டப் புண்ணாக இருக்கும். ஓரத்தில் மயிர் சிலிர்த்து நிற்கும். தொட்டால் மாடு காலை உதறும், ரத்தம் கசியும். ஆனால் வீக்கமும் காய்ச்சலும் இருக்காது. காலைத் தூக்கிக் கழுவிப் பார்க்காதவர் கண்ணுக்கு இது படாமலே போகலாம். குதிகால் கொம்பு அரிப்பு என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் இந்த அழற்சியோடும் சாண ஈரத்தோடும் சேர்ந்தே வருகிறது. வாயையும் காலையும் ஒருங்கே தாக்கும் கோமாரி, அதாவது காணை நோய், வைரஸால் வருவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நடைமுறையில் நொண்டும் மாட்டுக்கெல்லாம் ஒரே ஊசி என்பது உலகெங்கும் உள்ள பழக்கம். குளம்பு நோய்ச் சிகிச்சை பலிப்பதில்லை என்ற மனக்குறையில் ஒரு பங்கு மருந்தின் குறையே அல்ல, காலைத் தூக்கிப் பார்க்காததன் விளைவு.

கிருமியைத் தேடியவர்கள்

கிருமிக் கட்சிக்குத் தெம்பு கொடுத்தது ஆடு. 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ், செம்மறியாட்டின் குளம்பு அழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவைத் தனியே பிரித்துக் காட்டினார். இன்று அதன் பெயர் டைகெலோபாக்டர் நோடோசஸ். ஆட்டின் காலை விட்டால் அது மண்ணில் நெடுநாள் பிழைக்காது. நோயுற்றவற்றைப் பிரித்து நீக்கி, மேய்ச்சல் நிலத்தைச் சில வாரம் காலியாக விட்டால் மந்தையிலிருந்து நோயை விரட்டலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. மாட்டிலும் ஒரே ஒரு கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்ற எதிர்பார்ப்பும் அப்படித்தான் பிறந்தது.

1974இல் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் கெலி, மோர்ட்டெல்லாரோ என்ற இருவர் விரல்தோல் அழற்சியை முதன்முதலாக விவரித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கறவைப் பண்ணைகளின் அன்றாடத் தொல்லை ஆகிவிட்டது. நாள்பட்ட புண்களில் மரு போன்ற வளர்ச்சி இருந்ததால் வைரஸாக இருக்குமோ என்று முதலில் தேடினார்கள். வைரஸ் எதுவும் அகப்படவில்லை. ஆன்டிபயாட்டிக் தெளித்தால் புண் ஆறியது பாக்டீரியாவின் பக்கம் கைகாட்டியது. 1990களில் கலிபோர்னியாவில் ரீட், வாக்கர் குழுவினர் புண்ணின் ஆழத்தில் சுருள்வடிவ ட்ரெப்போனிமாக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு அவற்றை வளர்த்தெடுத்தார்கள். இன்று மீடியம், ஃபேஜெடெனிஸ், பெடிஸ் என்ற மூன்று இனங்கள் அடிக்கடி பேசப்படுகின்றன.

ஆனால் வழக்கு அங்கே முடியவில்லை. தனியே வளர்த்த கிருமியை நல்ல காலில் வைத்தால் நோய் வரவேண்டும் என்பது நுண்ணுயிரியலாளர் கோக் வகுத்த பழைய நிபந்தனை. 2012இல் கோமெஸ் முதலானோர் விஸ்கான்சினில் செய்த சோதனையில், காலை நாள்கணக்கில் ஈரமாகவும் காற்றுப் படாமலும் கட்டி வைத்த பிறகே நோய் பிடித்தது. அப்போதும் வளர்த்த ட்ரெப்போனிமாவைவிட, புண்ணிலிருந்து எடுத்து அரைத்த திசுவே நோயை நன்றாகக் கொண்டுவந்தது. ஆகவே ட்ரெப்போனிமா தனித்துச் செயல்படுவதில்லை, வேறு கிருமிகளின் துணையும் ஊறிய தோலும் அதற்குத் தேவை என்பதே பெரும்பாலோர் ஏற்கும் வாசிப்பு. கிருமிக் கட்சி தன் சொந்தச் சோதனையிலேயே தரைக் கட்சிக்கு ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டது என்றும் சொல்லலாம்.

புண்ணின் பருவங்களை எம்1 முதல் எம்4 வரை 1997இல் டோர்ட்டே டாப்ஃபர் வகுத்தார். எம்2 என்பது வலிக்கும் முழுப்புண். எம்4 என்பது தடித்துப்போன நாள்பட்ட நிலை. வலி குறைவு, ஆனால் உள்ளே கிருமி தங்கியிருக்கும். அங்கிருந்தே புண் மறுபடி கிளம்புகிறது. இப்படி மறுபடி கிளம்பும் நிலையை 2012இல் எம்4.1 என்ற பெயரில் பெர்ரி குழுவினர் சேர்த்தார்கள். நடைமுறைக்கு இந்தப் பகுப்பு மிகவும் உதவியிருக்கிறது. புண் ஆறியது என்று விவசாயி நினைக்கும் மாடே மந்தைக்குள் நோயின் சேமிப்பாக இருக்கக்கூடும் என்பதை அது புரியவைத்தது. ஆட்டு நோயைப்போல இதை ஒழித்துவிட முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும் என்ற கருத்தும் இதிலிருந்துதான் உறுதிப்பட்டது.

நோய் எப்படி வருகிறது என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. வெளியிலிருந்து வாங்கும் கிடாரியோடு வருகிறது. பண்ணைக்குப் பண்ணை போகும் குளம்பு சீவுவோரின் கருவிகளோடும் வருகிறது. புண்ணைச் சீவிய கத்தியில் ட்ரெப்போனிமாவின் தடயம் இருப்பதை இங்கிலாந்தில் 2014இல் காட்டியிருக்கிறார்கள். கத்தியை மாட்டுக்கு மாடு கழுவிக் கிருமிநாசினியில் நனைப்பதற்கு அதிகச் செலவில்லை. அப்படியும் அது அரிதாகவே நடக்கிறது.

மயில்துத்தத் தொட்டி

தடுப்பு முறைகளில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும் கால்குளியல். பால் கறந்து திரும்பும் வழியில் ஒரு தொட்டி. அதில் 5 சதவீத மயில்துத்தக் கரைசல் அல்லது 3 முதல் 5 சதவீத ஃபார்மலின். மாடுகள் அதில் இறங்கி நடந்து போகும். இவ்வளவு பரவலான ஒன்றுக்கு ஆதாரம் வலுவாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை.

2017 முதல் வந்த முறையான மீளாய்வுகள் இரண்டு, வெளியான சோதனைகளை ஒன்றுதிரட்டிச் சலித்தன. பெரும்பாலான ஒப்பீடுகளில் ஒரு மருந்துக்கும் இன்னொன்றுக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஓரளவு தேறியது ஒன்றுதான்: 5 சதவீத மயில்துத்தம், வாரத்துக்குக் குறைந்தது நான்கு முறை. வாரம் ஒரு முறை, நினைத்தபோது ஒரு முறை என்று பல பண்ணைகளில் நடப்பது பலன் தருகிறதா என்பதற்கு நல்ல சான்று இல்லை. சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை, ஒன்றுக்கொன்று வெவ்வேறு அளவுகோலில் செய்யப்பட்டவை என்பதையும் மீளாய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக இதற்குப் பொருளில்லை. சரியாகச் சோதிக்கப்படவில்லை என்பதே பொருள். கால்குளியலை எதிர்ப்பவர்கள் இந்த நுண்ணிய வேறுபாட்டைச் சில நேரம் விட்டுவிடுகிறார்கள்.

தொட்டியின் வடிவமும் முக்கியம். 2012இல் நைஜல் குக் முதலானோர் மாடுகளின் நடையைக் கவனித்து, 3 முதல் 3.7 மீட்டர் நீளம், 0.5 முதல் 0.6 மீட்டர் அகலம், ஏறி இறங்கும் விளிம்பு 28 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஒவ்வொரு பின்னங்காலும் இரண்டு முறையாவது கரைசலில் மூழ்கும் என்று கணித்தார்கள். வழக்கமாகக் கடைகளில் விற்கும் குட்டைத் தொட்டியில் கால் ஒரு முறை படும்; சில கால்கள் படாமலே தாண்டிவிடும். சாணம் விழ விழக் கரைசலின் வலு குறைகிறது என்பதால், 150 முதல் 300 மாடுகள் கடந்ததும் மாற்றச் சொல்வது வழக்கம். இந்த எண்ணிக்கை அனுபவத்தில் வந்தது. உறுதியான சோதனை முடிவு அல்ல.

செலவை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளத் தொட்டியில் 12 சென்டிமீட்டர் ஆழம் என்றால் சுமார் 200 லிட்டர். அதற்கு 10 கிலோ மயில்துத்தம். அதில் கால்பங்கு, இரண்டரை கிலோ, செம்பு. வாரம் நான்கு முறை மாற்றினால் ஆண்டுக்கு 500 கிலோவுக்கு மேல் செம்பு சாணக் குழியில் சேர்ந்து வயலுக்குப் போகிறது. பயிர் மண்ணிலிருந்து எடுப்பது ஏக்கருக்குக் கிராம் கணக்கில்தான். மீதி மண்ணிலேயே நின்றுவிடும், நீரோடு வடிந்துபோகவோ சிதையவோ செய்யாது. அந்த நிலத்தில் செம்மறியாட்டை மேய்த்தால் ஆபத்து, ஏனென்றால் செம்பு நஞ்சு ஆட்டை எளிதில் கொல்லும். மீளாய்வில் தேறிய ஒரே முறையே மண்ணுக்கு மிகக் கெடுதலான முறையாகவும் அமைந்துவிட்டது இந்தத் துறையின் பெரிய இக்கட்டு.

ஃபார்மலின் மண்ணில் தங்காது, விலையும் குறைவு. ஆனால் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. குளிர்நாடுகளில் வெப்பம் குறைந்தால் அது வேலை செய்யாது என்பது குறை. வெப்பநாட்டில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஆவி எழும்பும் என்பது குறை. தொட்டியைக் கலக்குபவர் பண்ணையின் கூலியாள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். துத்தநாக சல்பேட், அமிலம் கலந்து செம்பைக் குறைத்த கலவைகள், சுண்ணாம்பு என மாற்றுகள் பல உள்ளன. எதற்கும் மயில்துத்தத்தின் அளவுக்குக்கூடச் சான்று சேரவில்லை.

ஆறாத புண்ணுக்குக் கால்குளியல் சிகிச்சை அல்ல என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. அதன் வேலை புதுப்புண் வராமல் தடுப்பது, எம்4 நிலையில் அடங்கிக் கிடப்பதைக் கிளம்பவிடாமல் வைப்பது. எம்2 புண்ணோடு இருக்கும் மாட்டைத் தொட்டியில் நடத்தினால் அதற்கு எரிச்சல்தான் மிச்சம்.

புண்ணுக்கு மருந்து

சிகிச்சையில் நிலைமை தடுப்பைவிடத் தெளிவு. குளம்பிடை அழுகலைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, இடுக்கைக் கழுவி, பெனிசிலினோ ஆக்ஸிடெட்ராசைக்ளினோ மூன்று நாள் ஊசியாகக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மாடு காலை ஊன்றும். ஊன்றாவிட்டால் தொற்று மூட்டுக்குள் இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் மருந்தை மாற்றி மாற்றிப் போடுவதைவிட மருத்துவரை அழைத்துக் காலைப் பார்க்கச் சொல்வதே வழி. பாலைக் கொட்ட வேண்டாம் என்ற வசதிக்காக அமெரிக்காவில் செஃப்டியோஃபர் பரவலானது. அது மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்தது என்பதால் ஐரோப்பாவில் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டு வருகிறது.

விரல்தோல் அழற்சிக்கு ஊசி தேவையில்லை என்பது நெடுநாள் அனுபவம். புண்ணைக் கழுவித் துடைத்து, டெட்ராசைக்ளின் வகை மருந்தைத் தெளித்தாலோ பூசினாலோ சில நாளில் வலி குறைகிறது. ஆனால் வலி குறைவது வேறு, நோய் தீர்வது வேறு. கலிபோர்னியாவில் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஆறியதாகத் தோன்றிய புண்களில் கணிசமானவை மறுபடி கிளம்பின. ஆன்டிபயாட்டிக் இல்லாத மருந்துகளுக்கும் ஆதரவு கூடியிருக்கிறது. 2013இல் டென்மார்க்கில் சாலிசிலிக் அமிலப் பொடியும், அதற்கு முன் நெதர்லாந்தில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த களிம்பும், குளோர்டெட்ராசைக்ளின் தெளிப்பைவிட மேலாகத் தேறின. கட்டுப் போடுவதா, திறந்து விடுவதா என்பதில் இரு பக்கமும் ஆய்வு உண்டு. ஈரமும் காற்றின்மையும் இந்தக் கிருமிக்குப் பிடித்தவை என்று தெரிந்த பிறகு, கட்டை மறந்து வாரக்கணக்கில் விட்டுவைப்பதை யாரும் ஆதரிக்க மாட்டார்கள்.

வலி மருந்து புறக்கணிக்கப்பட்டிருந்த ஒன்று. கொம்புச் சேதத்தால் புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளில், சீவுதல், கட்டை ஒட்டுதல், கீட்டோபுரோஃபென் ஊசி மூன்றையும் சேர்த்துச் செய்தவை நன்றாகத் தேறின என்று நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. தொற்றுப் புண்களுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பதற்கு இதே தரத்தில் சான்று இல்லை.

தரையைக் குற்றம் சொல்பவர்கள்

நெதர்லாந்தின் துசேன் ராவன் 1970களில் குளம்பு சீவுதலை ஒழுங்குமுறை ஆக்கினார். பின்னங்காலின் வெளிக்குளம்பு அதிகம் வளர்ந்து பாரம் முழுவதையும் தாங்குகிறது, கான்கிரீட் தரை அதை மோசமாக்குகிறது என்பது அவருடைய அடிப்படை. முன்சுவர் 75 மில்லிமீட்டர் நீளம் என்ற அவருடைய அளவு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. இன்றைய பெரிய உடல் ஹோல்ஸ்டீன் இன மாட்டுக்கு அது குட்டை, அப்படிச் சீவினால் அடிப்பாகம் மெலிந்துவிடும் என்ற மறுப்பும் வந்திருக்கிறது. குதிகால் உயரமாக இருந்தால் தோல் சாணக் குழம்பிலிருந்து சற்று விலகி நிற்கும் என்பதால், சீவுதலைத் தொற்றுத் தடுப்பாகவும் சிலர் பார்க்கிறார்கள்.

தரைக் கட்சியின் வலுவான சான்று அதே நாட்டிலிருந்து வந்தது. 2003இல் சோமர்ஸ் முதலானோர் வெளியிட்ட கணக்கில், கான்கிரீட் தரையில் இருந்த மாடுகளில் நூற்றுக்கு 80க்கு மேல் ஏதாவது ஒரு குளம்புக் கோளாறோடு இருந்தன. வைக்கோல் பரப்பிய கொட்டகைகளில் அது 55 முதல் 60. வேறுபாடு பெரிது. ஆனால் வைக்கோலில் நின்றவற்றிலும் பாதிக்கு மேல் கோளாறு இருந்ததைத் தரைக் கட்சி வசதியாகக் கடந்துபோகிறது.

இன்னும் கூர்மையான சான்று நியூசிலாந்தின் தாரனாக்கி வட்டாரத்திலிருந்து கிடைத்தது. ஆண்டு முழுவதும் மேய்ச்சலில் இருக்கும் அந்த மந்தைகளைச் சில ஆண்டுகளுக்கு முன் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்ட மந்தைகளில் விரல்தோல் அழற்சி இருந்தது. ஆனால் மந்தைக்குள் நோய்கண்டவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். கிருமி வந்துவிட்டது, பற்றிக்கொள்ளவில்லை. கிருமி இல்லாமல் நோய் இல்லை என்பதும், ஈரச் சாணம் இல்லாமல் பெரிய நோய் இல்லை என்பதும் ஒரே கணக்கில் தெரிகின்றன. இரு கட்சிக்கும் சமரசம் என்று ஒன்று இருந்தால் அதன் தொடக்கம் இங்கேதான் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

தரைக் கட்சியின் பலவீனம் அதன் பரிந்துரைகளில் இருக்கிறது. தரையை அடிக்கடி வழித்தெடு, மாடுகளை நெருக்காதே, படுக்க இடம் கொடு, நடைபாதையில் தண்ணீர் நிற்க விடாதே என்று சொல்வது எளிது. எத்தனை முறை வழித்தால் எவ்வளவு நோய் குறையும் என்று கேட்டால் திட்டமான விடை கிடைப்பதில்லை. கொட்டகைகளைச் சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று பிரித்துக் கட்டிப் பார்க்க எவராலும் முடியாது என்பது உண்மைதான். அதனால் மருந்துக்கு இருக்கும் சோதனைச் சான்றுகூடத் தரைக்கு இல்லாமல் போகிறது.

தீவனமும் மரபும்

மாவுத்தீவனம் கூடினால் வயிற்றில் அமிலம் கூடும், அதனால் குளம்புக்குள் அழற்சி வரும் என்ற கருத்து இரண்டு தலைமுறைகளுக்குப் பாடநூலை ஆண்டது. இன்று அது பின்வாங்கியிருக்கிறது. மெலிந்த மாட்டின் குளம்புக்குள் உள்ள கொழுப்பு மெத்தை தேய்வதே கொம்புப் புண்ணுக்குப் பெரிய காரணம் என்பது 2009க்குப் பிறகு வலுத்த கருத்து. தொற்று நோய்களில் தீவனத்தின் பங்கு இதைவிட மறைமுகமானது. நாளுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் மாதக்கணக்கில் கொடுத்தால் வெள்ளைக்கோட்டுப் பிளவு குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு. தொற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது. துத்தநாகம், அயோடின் பற்றிய விளம்பரங்கள் சான்றைவிட நீளமானவை. மரபில் வேறுபாடு உண்டு, ஹோல்ஸ்டீனுக்கு விரல்தோல் அழற்சி எளிதில் வருகிறது. ஆனால் தேர்வு இனப்பெருக்கம் பலன் தரப் பல தலைமுறை ஆகும்.

தமிழ்நாட்டுத் தொழுவத்தில்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மாடுகள் அவிழ்ந்து நடக்கும் பண்ணைகளில் நடந்தவை. தமிழ்நாட்டில் பாலின் பெரும்பகுதி இரண்டு, மூன்று, ஐந்து மாடு கட்டியிருக்கும் வீடுகளிலிருந்து வருகிறது. பெரும்பாலானவை கலப்பின மாடுகள், கட்டுத்தறியிலேயே நிற்பவை. நடை குறைவதால் குளம்பு தேயாமல் நீள்கிறது. உழவு மாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்த காலம் போய்விட்டது. கறவை மாட்டுக்குக் குளம்பு சீவ ஆள் கிடைப்பது பல ஊர்களில் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழுவத்துத் தரை வாரக்கணக்கில் காய்வதில்லை.

இங்கே காலில் வரும் பெரிய தொல்லை கோமாரி. 1898இல் லோஃப்லரும் ஃப்ரோஷும் கண்ட இந்த வைரஸ்தான் விலங்குகளில் அறியப்பட்ட முதல் வைரஸ். வாயிலும் ஒன்றுக்கு மேற்பட்ட காலிலும் கொப்புளம், அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் அதே நோய் என்றால் அது கோமாரி. ஒரே மாடு, ஒரே கால், வாயில் ஒன்றுமில்லை என்றால் குளம்பிடை அழுகலாக இருக்கலாம். கோமாரிப் புண் ஆறாமல் கிருமி ஏறி, ஈ மொய்த்துப் புழு வைத்தால் குளம்பே கழன்றுவிடக்கூடும். எனவே நம் ஊரில் குளம்புத் தொற்றுத் தடுப்பின் முதல் படி தடுப்பூசி. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆண்டுக்கு இரண்டு முறை கோமாரி ஊசி போடுவதும் 2030க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. ஊசி போட்டால் பால் குறையும் என்று முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடும் பழக்கம் இந்த இலக்குக்குக் குறுக்கே நிற்கிறது. குறையும் பால் சில நாளைக்கு. நோய் வந்தால் போவது அந்தக் கறவை முழுவதுமாக இருக்கலாம்.

மரபு மருத்துவம் இங்கு ஒரு தனிக் கட்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சார்பில் தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்துப் பரப்பிய முறைகளைத் தேசிய பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சிக் கால்புண்ணில் பூசுவது அவற்றில் ஒன்று; புழு இருந்தால் சீத்தா இலை விழுது அல்லது சூடம் கலந்த எண்ணெய். செலவு சிறிது, பாலில் ஆன்டிபயாட்டிக் சேராது, வீட்டிலேயே செய்யலாம். டெட்ராசைக்ளின் லிட்டர் பாலுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்ற சர்வதேச வரம்பைப் பார்த்தால் இரண்டாவது நன்மை சிறியது அல்ல. ஆனால் இந்த முறைக்கு உள்ள சான்று பெரும்பாலும் களப் பயன்பாட்டு அறிக்கை. கழுவித் துடைத்து எண்ணெய் பூசியதால் ஆறியதா, கழுவித் துடைத்ததாலேயே ஆறியதா என்பதை அத்தகைய அறிக்கை பிரித்துச் சொல்லாது. மேலே வியர்வை சிந்திக் கணக்குப் பார்த்த மயில்துத்தத்துக்கே சான்று மெலிவு என்றபோது, மூலிகையிடம் மட்டும் கடுமை காட்டுவது நியாயமும் ஆகாது.

மூன்று மாட்டுக்கு 200 லிட்டர் தொட்டி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் கறக்கும்போது பின்னங்கால் குதியைத் தண்ணீர் அடித்துக் கழுவி, வாரத்தில் சில நாள் கைத்தெளிப்பானால் மருந்து அடிப்பது அளவுக்கு ஏற்ற வழியாகத் தோன்றுகிறது. கழுவும் நேரமே புண்ணைக் கண்டுபிடிக்கும் நேரமும் ஆகிறது.

தீராத கேள்விகள்

விரல்தோல் அழற்சிக்குத் தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. ட்ரெப்போனிமாவுக்கு எதிராக அமெரிக்காவில் ஒரு தடுப்பூசி சந்தைக்கு வந்து, நிலைக்காமல் போனது. நோய் வந்து ஆறிய மாட்டுக்கே நீடித்த எதிர்ப்பு வருவதில்லை என்பதால், ஊசி அதைத் தரும் என்ற எதிர்பார்ப்பு அடக்கமாகவே இருக்க வேண்டும். எம்4 புண் ஒரு மாட்டில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்க, இன்னொன்றில் மாதம் தவறாமல் ஏன் கிளம்புகிறது என்பதும் விளங்கவில்லை. செம்பின் இடத்தை நிரப்பும் மருந்தும் கண்ணில் படவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி கண்டுபிடிப்பதில் இருக்கிறது. 2000ஐ ஒட்டி இங்கிலாந்தில் வே முதலானோர் 53 பண்ணைகளில் கேட்டபோது, தங்கள் மாடுகளில் நூற்றுக்கு 6 நொண்டுவதாக விவசாயிகள் மதிப்பிட்டார்கள். ஆய்வாளர்கள் பார்த்தபோது அது 22. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடையைப் பார்த்து, நொண்டல் தெரிந்த ஓரிரு நாளில் மருத்துவம் செய்த பண்ணைகளில் மாடுகள் விரைவில் தேறியதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டால், காசு குறைவாக உள்ளவர் முதலில் செலவிட வேண்டியது பார்ப்பதற்கு, அடுத்து தரையைக் காயவைப்பதற்கு; தொட்டி மூன்றாவது என்றே தோன்றுகிறது. இந்த வரிசை பெரிய பண்ணைகளின் ஆய்விலிருந்து ஊகித்தது. கட்டுத்தறி மாடுகளில் இதைச் சோதிக்க வேண்டும். வெறுமனே கழுவுவது, கழுவி மூலிகை எண்ணெய் பூசுவது, கழுவி மயில்துத்தம் தெளிப்பது என்று மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு மாவட்டத்தின் பால் சங்கங்களில் இரண்டு மழைக்காலம் பார்த்தால் போதும். கால்நடைப் பல்கலைக்கழகமும் சங்கங்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலைதான், செய்ய வேண்டும்.